தவமணி வறுத்த பார்லி

அடுப்பிலிருந்த தாச்சி போதிய சூட்டுக்கு வந்துவிட்டதா என்று அறிய அந்தக் கை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் விரிந்து நின்றது. பிறகு பேப்பர் பையிலிருந்து ஒரு சுண்டு பார்லியை அள்ளிக் கொட்டியது. வலது கை தட்டகப்பையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டத் தொடங்கியது. அதில் அவசரம் இல்லை, நிறுத்தமும் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடது கை ஒரு மணியை எடுத்து, வெட்டுப்பலகையில் வைத்து, கத்தியால் பிளந்து உள்நிறத்தைப் பார்த்தது. வெளித்தோல் எல்லோருக்கும் தெரியும்படி கறுக்கும். உள்ளே எவ்வளவு வறுபட்டிருக்கிறது என்பதைப் பிளந்தால்தான் காணலாம்.

போன வருடம் உள்ளே பழுப்பு நிறம் வந்ததும் அந்தக் கைகள் தாச்சியை இறக்கியிருந்தன. இந்த வருடம் இறக்கவில்லை. பழுப்பு மெல்ல மெல்லக் கறுப்பை நோக்கிப் போனது. குசினி முழுக்கக் கோப்பி வறுக்கிற மணம். கூரையிலிருந்த புகை மணி அலறாமல் இருக்க அதற்கு ஒரு குளியல் தொப்பி மாட்டியிருந்தது. பல்கனிக் கதவு திறந்திருந்ததால் ஜனவரிக் குளிர் முழங்கால் வரைக்கும் வந்து நின்றது.

பக்கத்து அப்பார்ட்மென்ற் யோகமலர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மிளகாய் வறுக்கிறியாக்கும், ஒரு பிடி கேப்பம் எண்டு ஓடி வந்தன். தும்மல் வரேல்லை. அப்ப உன்ரை பியர்தான்.”

“கதவைச் சாத்து. மணம் வெளியிலை போகுது.”

“கோயிலிலை அவிக்கிற கையாலை பியரையும் அவிக்கிறாய். பிள்ளையார் ஒருநாளைக்கு உன்னைக் கூப்பிட்டுக் கேப்பார்.”

“ரெண்டுக்கும் கையைக் கழுவிப் போட்டுத்தான் துவங்கிறன். கேட்டா அதைச் சொல்லுவன்.”

“ஒரு மிடறு குடிச்சுப் பாக்காத ஆள் பியர்ப் போட்டிக்குப் போறது உலகத்திலை நீ ஒராள்தான்.”

“கலியாண வீட்டிலை சமைக்கிறவன் தாலியும் கட்டவேணுமே?” என்றபடி தவமணி தாச்சியை இறக்கி, கறுத்த மணிகளைத் தட்டில் பரப்பினாள்.

தவமணிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. எண்பத்தொன்பதில் ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடம் ஒன்றின் பதினேழாம் மாடியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, மகன் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போனதும் வெக்ஸ்போர்ட்டுக்கு மாறியவள். தொண்ணூற்று மூன்றில் றொபேட்டின் கடையில் வேலை கிடைத்தது. லோறன்ஸ் அவெனியூவில், கம்பளக் கடைக்கும் லெபனான்காரரின் பேக்கரிக்கும் நடுவில் இருந்த அந்தக் கடைக்கு ஆட்கள் வந்து தங்கள் பியரைத் தாங்களே காய்ச்சிக்கொண்டு போவார்கள். காய்ச்சும் கெற்றிலும் பீப்பாவும் கடையினுடையவை. றெசிப்பியும் கடைதான் கொடுக்கும். ஆனால் நொதிக்கச் செய்யும் ஈஸ்ற்றை வாடிக்கையாளர்தான் தன் கையால் போட வேண்டும், அதுதான் சட்டம். கெற்றில் கழுவுவதும் போத்தல் கழுவுவதும் தவமணியின் வேலை.

கழுவத் தொடங்கி எட்டு மாதத்தில் ஒருநாள், ஆறாம் நம்பர் பீப்பா கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது என்றாள். மன்னாரில் பிறந்து கனடாவில் பத்து வருடம் பியர் காய்ச்சிய றொபேட் அதைக் குடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லையே என்றான். நாலாம் நாள் பீப்பாவின் மேலே வெள்ளைப் படலம் போர்த்திருந்தது. அதன் பிறகு எந்தப் பீப்பாவைத் திறந்தாலும் அவன் முதலில் தவமணியக்காவைக் கூப்பிட்டான். அவள் குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொல்வாள்: இதுக்குச் சூடு கூடிப்போச்சு, இதின்ரை போத்தல் வடிவாக் கழுவுப்படேல்லை, இது நல்லது, இன்னும் ஒரு கிழமை விடுங்கோ.

அந்த மூக்குக்கு ஒரு காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் கோயில் சமையலுக்குப் போவாள். படைக்கிற சமையலில் வாய் வைப்பதில்லை. உப்பானாலும் புளியானாலும் கை அளந்து போடும். சரியாக வந்ததா என்பதை ஆவியைப் பிடித்துத்தான் அறிய வேண்டும். வருடக்கணக்காக அப்படிச் செய்து செய்து, வீட்டுக் கறியைக்கூட அவள் ருசி பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒருநாளும் உப்புப் பிழைத்ததில்லை. பியரிலும் அதே பழக்கம்தான். அவள் குடிப்பதில்லை. குடிக்கும் எண்ணமும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரங்களில் அகராதியை வைத்துக்கொண்டு கடையிலிருந்த பியர்ப் புத்தகங்களை வாசித்தாள். இரண்டு வருடத்தில் தன் குசினியில், தானே வறுத்த பார்லியில், கறுத்த பியர் ஒன்று செய்தாள்.

போன வருடம் அதை நகரத்தில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கப் போட்டிக்கு அனுப்பினாள். அங்கே எல்லா பியரையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிரிவு. எந்தப் பிரிவு என்று அனுப்புகிறவரே எழுத வேண்டும். அந்தப் பிரிவுக்கான விதிப்படி பியர் இருக்கிறதா என்றுதான் நடுவர்கள் பார்ப்பார்கள். நல்ல பியரா என்பது இரண்டாவது கேள்வி. தவமணி போத்தலைத் திறந்து மணந்தாள். கோப்பி மணம். புத்தகத்தில் ஸ்ரவுட் என்ற கறுத்த பியருக்குக் கோப்பி மணம் என்று எழுதியிருந்தது. ஸ்ரவுட் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஐம்பதுக்கு இருபத்தாறு வந்தது. நடுவர் ஒருவர் புள்ளித்தாளில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: சுத்தமான பியர். செய்முறையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் விழுங்கிய பிறகு வாயில் மிஞ்சுவதைப் பார்த்தால் இது ஸ்ரவுட் அல்ல. பிறவுண் போர்ட்டர் பிரிவில் வந்திருந்தால் நிறையப் புள்ளி கொடுத்திருப்பேன்.

போர்ட்டர் என்பது ஸ்ரவுட்டின் கிட்டடிச் சொந்தம். நிறத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. போர்ட்டரில் மென்மையானது பிறவுண் போர்ட்டர். வறுவல் தூக்கலானது றோபஸ்ற் போர்ட்டர். ஸ்ரவுட் இரண்டையும் தாண்டி, கோப்பி போல வறண்டு கசக்க வேண்டும்.

தன் பியர் ஸ்ரவுட் ஆகவில்லை என்றால் வறுவல் போதவில்லை என்றுதான் தவமணி எடுத்துக்கொண்டாள். ஆகவேதான் இந்த வருடம் பழுப்பில் இறக்காமல் கறுப்பு வரைக்கும் வறுத்தாள்.

இந்த முறை இன்னொன்றும் இருந்தது. மே மாதம் முதல் கடையில் றெசிப்பி மேசைக்கு ஒராளை இருத்த றொபேட் முடிவு செய்திருந்தான். வருகிறவர்களுக்கு என்ன பியர் வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஏற்ற மாதிரி எழுதிக் கொடுக்கிற வேலை. பியர் காய்ச்சும் படிப்புப் படித்துச் சான்றிதழ் வைத்திருந்த ஒருவர் விண்ணப்பம் கொடுத்திருந்தார். தவமணி தனக்கு அந்த மேசை வேண்டும் என்று நேராகவே கேட்டாள்.

“எனக்கு உங்களிலை நம்பிக்கை அக்கா,” என்றான் றொபேட். “ஆனா கஸ்ரமர் கேப்பான். இந்த அம்மா பியரே குடிக்கிறேல்லை, இவ எனக்கு என்ன சொல்லுறது எண்டு. ஒரு பேப்பர் இருந்தா சுவரிலை கொழுவி விடலாம். முப்பத்தைஞ்சு எடுங்கோ, மேசை உங்களுக்கு.”

“சரி,” என்றாள் தவமணி. “ஆணியை அடிச்சு வையுங்கோ.”

வறுத்த பார்லி பத்து நாள் பேப்பர் பையில் ஆறியது. பிறகு காய்ச்சி, ஈஸ்ற் போட்டு, நொதிக்க விட்டு, போத்தலில் அடைத்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்றைத் திறந்து மணந்தாள். போன வருடத்தைவிட இரண்டு மடங்கு கோப்பி. இம்முறை ஸ்ரவுட்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படிவத்தை எடுத்தாள். பேனை பிரிவு என்ற கட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது. போன வருடமும் மூக்கு இப்படித்தான் சொன்னது. வறுவலையோ புளிப்பையோ பழுதையோ மூக்கு பிழையாகச் சொன்னதே இல்லை. ஆனால் நடுவர் எழுதியது அவற்றைப் பற்றியது அல்ல. விழுங்கிய பிறகு வாயில் மிஞ்சுவதைப் பற்றியது. அது மூக்குக்கு எட்டாத இடம்.

கடையில் றொபேட்டுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“அந்த மனிசன் எழுதியே தந்திருக்கிறான், பிறவுண் போர்ட்டர் எண்டு. அதைப் பாத்து எழுதி விடுங்கோவன்.”

“அது போன வரியப் பியருக்கு எழுதினது. இது வேறை பியர். நான் கூட வறுத்தனான்.”

“அப்ப ஸ்ரவுட் எண்டு போடுங்கோ.”

“கூட வறுத்தாப்போலை ஸ்ரவுட் ஆகுமோ எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.”

“ஒரு சொட்டு நாக்கிலை வைச்சா ரெண்டு செக்கனிலை தெரியும் அக்கா.”

“உங்கடை நாக்கு இருக்குத்தானே. ஞாயிற்றுக்கிழமை செலீனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

ஞாயிறு பின்னேரம் தவமணியின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். றொபேட், அவனுடைய மனைவி செலீன், யோகமலரின் கணவன் நவரட்ணம். நவரட்ணத்துக்குப் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை. இந்த அழைப்புக்காக அன்றைய ஓவர்டைமை விட்டிருந்தார். யோகமலர் குடிக்க வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

முதல் போத்தலைத் தவமணி மூன்று கிளாஸ்களில் ஊற்றி, என்ன மாதிரி என்று கேட்டாள்.

“நல்ல சாமான்,” என்றார் நவரட்ணம்.

“இவர் தண்ணியைக் குடுத்தாலும் அதைத்தான் சொல்லுவார்,” என்றாள் யோகமலர்.

“எனக்கு ஸ்ரவுட் மாதிரித்தான் கிடக்கு,” என்றான் றொபேட்.

“உங்களுக்கு ஸ்ரவுட் விருப்பம், அதாலை ஸ்ரவுட் எண்டுறியள்,” என்றாள் செலீன். “எனக்கெண்டா கொஞ்சம் இனிப்பு.”

“இனிப்போ? உமக்கு நாக்கு சரியில்லை.”

“வீட்டிலை சமைக்கிற நாக்கு இதுதான். மறந்து போனியளே?”

தவமணி மூவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க ஒன்று விளங்கியது. இவர்கள் பியரைச் சொல்லவில்லை. தங்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறார்கள். ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர் அதற்கு மறுமொழி சொல்லத் தொடங்கிவிடுகிறார். அவள் எழுந்து குசினிக்குள் போனாள்.

திரும்பி வரும்போது ஒரு தட்டில் மூன்று கோப்பைகள் இருந்தன. முதலாவதில் சீனியும் பாலும் இல்லாத ஆறின கடுங்கோப்பி. இரண்டாவதில் வெந்நீரில் கரைத்து ஆறவிட்ட கொக்கோ. மூன்றாவதில் நன்றாகக் கருகவிட்ட பேக்கரிப் பாண் கரைத் துண்டுகள்.

“முதல் இது மூண்டையும் வாயிலை வைச்சுப் பாருங்கோ. பிறகு தண்ணி குடியுங்கோ. அதுக்குப் பிறகு பியரிலை ஒரு மிடறு. விழுங்கிப் போட்டு, மனசுக்குள்ளை பத்து எண்ணுங்கோ. பத்துக்குப் பிறகு வாயிலை மிஞ்சிறது எதுவோ அந்தக் கோப்பையை விரலாலை காட்டுங்கோ. ஒருத்தரும் கதைக்கக் கூடாது.”

“பியர் எண்டு சொல்லிக் கூப்பிட்டுக் கருகின பாண் தாறாய் பிள்ளை,” என்றார் நவரட்ணம்.

“கதைக்க வேண்டாமாம்,” என்றாள் யோகமலர். “முப்பது வரியத்திலை முதல்தரம் இந்த வாயை ஒராள் பூட்டியிருக்கிறாள்.”

ஒருவர் காட்டுவதை மற்றவர் பார்க்காமல் இருக்க, தவமணி ஒவ்வொருவராகக் குசினிக்குள் கூப்பிட்டாள். றொபேட் முதலில் வந்தான். குடித்தான். உதடு அசையாமல் எண்ணினான். கை கோப்பியை நோக்கிப் போனது, பாதியில் நின்றது, பாண் கோப்பைக்கு மேலே வந்து இறங்கியது. அவன் முகத்தில் ஒரு கோபம். செலீன் யோசிக்காமல் பாணைக் காட்டினாள். பிறகு இரண்டாவது விரலை எடுத்துக் கொக்கோவுக்கு அருகே வைத்துக் கொஞ்சம் என்பது போலக் குறுக்கினாள். நவரட்ணம் இருபது வரைக்கும் எண்ணியிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எடுத்தார். அவரும் பாண்.

இன்னொரு போத்தல் திறந்து, கோப்பைகளின் இடத்தை மாற்றி வைத்து மறுபடியும் செய்தாள். மறுபடியும் மூன்று பேரும் பாண். ஒருவர்கூடக் கோப்பியைத் தொடவில்லை.

“மூக்கிலை கோப்பி, வாயிலை கருகின கரை,” என்றாள் தவமணி. “அப்ப ஏன்?”

அவள் அதை அவர்களிடம் கேட்கவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்து ஸ்ரவுட் பக்கத்தை முதல் வரியிலிருந்து வாசித்தாள். கோப்பி என்ற சொல்லைக் கண்டதும் போன வருடம் நிறுத்திவிட்ட இடத்தைத் தாண்டி, கீழே போனாள். நாலாவது வரியில் இருந்தது. ஸ்ரவுட்டின் வறண்ட கசப்பு முளைக்கவிடாத பச்சைப் பார்லியை வறுத்துப் போடுவதால் வருகிறது.

அவள் வறுத்தது முளைகட்டிக் காயவைத்த பார்லி. கடைச் சாக்கில் அதுதான் இருந்தது. அவளுக்கு அதில் சந்தேகம் வந்ததும் இல்லை. பயறானாலும் குரக்கனானாலும், முளைகட்டியதை வறுத்தால் மா நன்றாக வரும் என்றுதான் அவள் கை பழகியிருந்தது. முளைத்த தானியத்தை எவ்வளவு வறுத்தாலும் மணம் கோப்பியாகும், வாயில் பாண் கரைதான் மிஞ்சும். போன வருடம் மெல்ல வறுத்தாள், அது பிறவுண் போர்ட்டர். இந்த வருடம் கறுக்க வறுத்தும் அது ஸ்ரவுட் ஆகவில்லை. போர்ட்டர் வழியிலேயே இன்னும் ஒரு படி போயிருந்தது.

போர்ட்டர் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து வாசித்தாள். றோபஸ்ற் போர்ட்டர்: முளைகட்டிக் கறுக்க வறுத்த தானியத்தின் கூர்மையான கருகல். சற்று இனிப்பு இருக்கலாம். பச்சைப் பார்லியின் வறட்சி இருக்கக் கூடாது.

“செலீன், அந்த ரெண்டாவது விரல் கொக்கோவுக்கோ?”

“ஓம் அக்கா. ஒரு சொட்டு இனிப்பு. அவர் நம்பேல்லை.”

“உங்கடை நாக்கு சரி,” என்றாள் தவமணி. றொபேட்டைப் பார்த்தாள். “ஸ்ரவுட்டும் இல்லை, அந்த நடுவர் எழுதினதும் இல்லை. றோபஸ்ற் போர்ட்டர்.”

“நிச்சயமோ அக்கா? மேசை இதிலைதான் கிடக்கு.”

“அதாலைதான் சொல்லுறன்.”

நவரட்ணம் மிச்சப் போத்தலைத் தன் பக்கம் இழுத்தார். “அப்ப இனிக் கதைக்கலாமோ பிள்ளை?”

“கதையுங்கோ அண்ணை.”

“நல்ல சாமான்,” என்றார் அவர்.

புதன்கிழமை தவமணி மூன்று போத்தல்களைத் தெரிந்தெடுத்தாள். போட்டி விதிப்படி கபில நிறக் கண்ணாடி, பேர் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது, மூடியில் இருந்த அடையாளத்தைக் கறுப்பு மார்க்கரால் அடிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அடியில் வண்டல் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தாள். படிவங்களை நிரப்பினாள். தானியம் என்ற இடத்தில், முளைகட்டிய பார்லி, வீட்டில் வறுத்தது என்று எழுதினாள். பிரிவு என்ற கட்டத்தில் பேனை இம்முறை நிற்கவில்லை.

அடுத்த நாள் பதிவுக்குக் கடைசி நாள். வோர்டன் பஸ் எடுத்து ஸ்ரேசனுக்குப் போய், சப்வேயில் ஏறி, மடியில் பையை நிமிர்த்திப் பிடித்தபடி இருந்தாள். போத்தல் சரிந்தால் வண்டல் கலங்கும். பேப் ஸ்ரேசனில் இறங்கி நடந்தாள். பதிவு எடுக்கிற கடை டான்போர்த் வீதியில், காய்ச்சும் பாத்திரங்களும் ரப்பர் குழாய்களும் தொங்குகிற ஒரு சிறிய இடம். கவுன்ரரில் தாடிக்காரர் ஒருவர். சங்கத்து ஆள். அவளுக்கு முன்னே நின்ற இளைஞர்கள் மூன்று பேரும் அவளை யாருக்கோ சாமான் கொண்டுவந்த ஆள் என்று நினைத்து வழி விட்டார்கள். அவள் மறுக்காமல் முன்னே போனாள்.

தாடிக்காரர் படிவத்தை வாசித்தார். ஒரு தடவை போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கறுப்புத்தான். உதவி செய்யும் எண்ணத்தோடு குரலைத் தணித்துச் சொன்னார்: இந்த வருடம் போர்ட்டரில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். ஸ்ரவுட்டில் நாலு பேர்தான். இதை ஸ்ரவுட் என்று எழுதினாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். விரும்பினால் இப்போது மாற்றலாம், பெட்டியை மூடிவிட்டால் முடியாது.

அவர் மூடியைக் கழற்றித் தன் பேனையை அவளிடம் நீட்டினார்.

தவமணி அந்தப் பேனையை வாங்கவில்லை.

“இது ஸ்ரவுட் இல்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “குடிக்கிறவர்களுக்குத் தெரியும்.”

“நீங்கள் குடித்துப் பார்த்தீர்களா?”

“இல்லை. கேட்டுப் பார்த்தேன்.”

அவர் பேனையை மூடினார். படிவத்தில் முத்திரை குத்தினார். தவமணி பையிலிருந்து மூன்று ரப்பர் வளையங்களை எடுத்தாள். ஒவ்வொரு படிவத்தையும் நீளவாக்கில் மடித்து, எழுத்து வெளியே தெரியும்படி போத்தலில் சுற்றி, வளையத்தை இரண்டு மடிப்பாகப் போட்டு இறுக்கினாள். நழுவுகிறதா என்று ஒவ்வொன்றையும் கழுத்தில் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். நழுவவில்லை.

“நிமிர்த்தி வையுங்கள்,” என்று சொல்லி, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையில் கொடுத்தாள்.